இந்த வருஷத்து மல்லி

ஆகஸ்ட் 19, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. ஒரு வாரம் படுத்துக் கிடந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதே தவிர வேறு கேடில்லை. இன்று மறுபடி அடுப்பு பற்ற வைத்தேன். நான் மத்தியானச் சாப்பாடு அனுப்புகிற ஜவுளிக்கடைப் பிள்ளைகள் இத்தனை நாளும் ஹோட்டலில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருப்பார்கள். கேரியரைத் திறந்ததும் ‘அரசியக்கா வந்துருச்சு’ என்று சத்தம் போட்டார்களாம். கேட்க நன்றாக இருந்தது.

நான் படுத்திருந்த நாளெல்லாம் அத்தைதான் சமைத்தார். வெந்நீரில் புளியைக் காட்டி எடுத்தது போல ஒரு ரசம். வயதானவர், குறை சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் லாரியில் வெங்காய லோடு ஏற்ற நாசிக் போயிருக்கிறார். போனில், அம்மாவைப் பார்த்துக்கொள் என்றார். அம்மாதான் என்னைப் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

காப்பித்தூள் கடையை மாற்றிவிட்டேன். இத்தனை வருஷம் வாங்குகிறோம், நம்மிடமே சிக்கரியை அள்ளிப் போடுகிறான். புதுக்கடைத் தூளும் பிரமாதமில்லை. திண்டுக்கல்லில் நல்ல காப்பித்தூளே கிடையாதென்று ஆகிவிட்டது. அத்தை மட்டும் இரண்டையும் சப்புக்கொட்டிக் குடித்தார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பூக்கார ஒச்சம்மாவோடு சண்டை. நிலக்கோட்டை மல்லி என்று சத்தியம் செய்து கொடுத்தாள். முகர்ந்தால் காகிதம் மாதிரி இருக்கிறது. ஐஸ் பெட்டியில் வைத்த பூவை என் தலையில் கட்டுகிறாயா என்று கேட்டேன். அவள் கூடையைத் குழப்பத்துடன் பார்த்தாள், தானே ஒரு சரத்தை எடுத்து மோந்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தப்பு செய்தவளுக்குப் பேச்சு எப்படி வரும்?

இனிமேல் எங்கள் வீட்டில் பூ வாங்குவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாமி அலமாரிக்குச் செம்பருத்தி போதும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பால் அடிப்பிடித்துவிட்டது. நான் முன்னறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை, முட்டிவலியோடு உள்ளே ஓடி வந்தார். ‘ஏத்தா அரசி, தெருவே நாறுது, நீ இங்கனயே உக்காந்திருக்க?’ என்றார். வேலையில் கவனமாக இருந்தேன், அவ்வளவுதான். ஒரு பால் கருகினதற்கு என் முகத்தை அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்ன?

பாத்திரத்தைத் தேய்த்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

செப்டம்பர் 3, செவ்வாய்

அத்தைக்குப் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. அடுக்களையில் கேஸ் வாடை வருகிறதாம். அடுப்புத் திருகுகளைப் பார்த்தேன், எல்லாம் மூடித்தான் இருந்தன. சிலிண்டர் பக்கம் குனிந்து நன்றாக இழுத்து மோந்தும் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. சொன்னால் நம்ப வேண்டாமா? டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார் என்கிறார். சிலிண்டர் போடுகிறவன் பார்த்துத்தானே போட்டிருப்பான் என்றேன். அவன் வந்து மாதம் ஒன்றாகிறது என்றார். அதற்கும் ஒரு பதில்.

ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டி உப்பில் போட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

காலையில் அடுப்பு பற்றவில்லை. லைட்டரைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். குனிந்து பார்த்தால் ரெகுலேட்டர் மூடியிருக்கிறது. கேட்டால், ராத்திரி நான்தான் மூடினேன் என்கிறார். மத்தியானம் சமைத்து முடித்துக் கேரியர் அனுப்பிவிட்டு வருவதற்குள் மறுபடி மூடியிருக்கிறார். அரக்கப் பரக்க வேலை செய்கிற வீட்டில் இது என்ன விளையாட்டு? நான் ஓடியாடுவது பொறுக்காமல் செய்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. அப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. நல்ல நாளும் அதுவுமாகக் கண்ணீர் விட்டேன்.

பூரணக் கொழுக்கட்டை செய்து சாமிக்குப் படைத்து, ஜவுளிக்கடைக்கும் ஒரு தூக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்தேன். அத்தை ஒன்றை வாயில் வைத்தவர் அப்படியே எழுந்து கொல்லைக்குப் போனார். திரும்பி வந்து, தூக்கில் இருந்ததையெல்லாம் கொண்டுபோய்ப் பசுமாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டார். தேங்காய் அழுகிவிட்டதாம். நான் துருவிய தேங்காய். வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. மூடியில் ஓரமாக ஒரு நிறம் இருந்ததைப் பார்த்தேன், ஆனால் வாடை ஒன்றும் இல்லையே.

போதாததற்கு ஜவுளிக்கடை மேனேஜர் போன் செய்தார். சாம்பாரில் இரண்டு நாளாக உப்பு கரிக்கிறதாம். பதினாலு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு நாள் குறை சொன்னதில்லை. ‘உடம்பு இன்னும் தேறலையாம்மா?’ என்று தன்மையாகத்தான் கேட்டார். அந்தத் தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பெருங்காய டப்பாவைத் திறந்து பார்த்து மூடினேன். பழைய சரக்கு போல. சூடத்தையும் பார்த்தேன்.

செப்டம்பர் 11, புதன்

இன்று அத்தை என்னைத் தெருவில் நிறுத்திவிட்டார். எதிர்வீட்டுச் செல்லப்பாண்டி அண்ணன் மனைவி லோகமணியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, எங்கள் வீட்டில் கேஸ் வாடை வருகிறதா பார் என்று அடுக்களையில் நிறுத்தினார். ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. ரெகுலேட்டரையும் வழக்கம்போல மூடி வைத்திருந்தார். லோகமணி மூலைக்கு மூலை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்றாள். எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அத்தை முகம் சுருங்கிப் போயிற்று.

லோகமணி வாசலில் வைத்து, வயசானால் சிலருக்கு இப்படித்தான் இல்லாத வாடையெல்லாம் வரும், புத்தி பிசகுகிற நேரம், பார்த்துக்கோ என்று காதோடு சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஏன் ஆறுதலாக இருந்தது என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

நாத்தனார் பாண்டீஸ்வரிக்கு போன் செய்தேன். கொஞ்ச நாள் அம்மாவைப் பெரியகுளத்தில் வைத்துக்கொள், எனக்கும் உடம்பு சரியில்லை என்றேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். லாரிச் சத்தத்தில் சரி சரி என்றார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அத்தை போய்விட்டார். தகராறு செய்வார் என்று பயந்திருந்தேன், செய்யவில்லை. பையை அவரே கட்டினார். கிளம்பும்போது, ரெகுலேட்டரை மட்டும் மூடிவிட்டுப் படு என்றார். சரி என்றேன்.

ஆட்டோ கிளம்பித் தெருமுனைக்குப் போனதும் எதிரே ஒச்சம்மா பூக்கூடையோடு வந்தாள். அத்தை ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், அவளிடம் என்னவோ நெடுநேரம் பேசினார். நான் இல்லாத இடத்தில் பேச வேறென்ன இருக்கப் போகிறது? என் வண்டவாளம்தான்.

வீடு அமைதியாக இருக்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் திருகியதும் அடுப்பு பற்றியது. என்ன ஒரு நிம்மதி. இனி மூட ஆள் இல்லை, ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

ஒச்சம்மாவின் போக்கு சரியில்லை. பூ வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பக்கம் அவளுக்கு என்ன வேலை? நேற்றும் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சந்துப் பக்கம் வந்து, அடுக்களை ஜன்னலோரம் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு நின்றாள். இன்றும் வந்தாள். என்ன என்று கேட்டால், தோள் வலிக்குது, சும்மா நின்னேன் என்கிறாள். அத்தை உளவுக்கு ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

லேசாகத் தலைவலி. மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க மனமில்லை. காய்ச்சலின் மிச்சம்.

செப்டம்பர் 20, வெள்ளி

லோகமணி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் மனசு அடங்குமோ என்று பார்க்கிறேன்.

மத்தியானம் நல்ல மழை. சாரல் அடிக்கிறதென்று அடுக்களை ஜன்னலையும் கொல்லைக் கதவையும் சாத்திவிட்டு முன்னறையில் படுத்தவள் அயர்ந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது மழை விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்க நேரமாகிவிட்டதே என்று முகம் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். எங்கள் சாமி அலமாரி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில்தான், அதற்குக் கீழேதான் சிலிண்டர். எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டி, தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன்.

ஜன்னலில் தடதடவென்று அடி விழுந்தது. ஒச்சம்மா குரல். இன்றைக்கு இவளை உண்டு இல்லை என்று பார்த்துவிடுவது என்றுதான் ஜன்னலைத் திறந்தேன். திறந்த வேகத்தில் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.

‘அக்கா, கேஸு. தீப்பெட்டியக் கீழ வைங்க. உரசிராதீங்க.’

அத்தை பாட்டையே இவளும் பாடுகிறாளே என்று கோபம் வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றேன்.

‘எனக்கு இங்கன நின்னே கண்ணு எரியுது. உங்களுக்குத் தெரியலையா?’

அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. நடிக்கிறவள் முகம் அப்படி இருக்காது. நான் ஒரு தரம் மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. விளக்கெண்ணெய் இல்லை, விபூதி இல்லை, மழை பெய்த மண் இல்லை. ஒரு மாதமாக எனக்கு எதுவுமே இல்லை.

‘தெரியல ஒச்சம்மா’ என்றேன்.

தீப்பெட்டியை மேடையில் வைத்தேன். காற்றுப் போகட்டும் என்று பழக்கத்தில் கை புகைபோக்கி ஃபேன் சுவிட்சுக்குப் போயிற்று. சுவிட்சைத் தொடாதே என்று அவள் கத்திய கத்தலில் கை அந்தரத்தில் நின்றது. லைட்டோ ஃபேனோ, போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், ஒரு சின்னப் பொறி போதும், சிலிண்டரை மட்டும் மூடிவிட்டு வெளியே வா என்றாள். குனிந்து ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். இதைச் செய்ததற்காகத்தான் ஒருத்தரை ஊரைவிட்டே அனுப்பினேன்.

கொல்லைக் கதவைத் திறந்து போட்டேன். பிரிட்ஜ் மேல் செல்போன் சார்ஜில் கிடந்தது. அதைப் பிடுங்கப் போனேன், அதையும் விடச் சொன்னாள். முன்கதவையும் விரியத் திறந்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். நின்று திரும்பிப் பார்த்தால் எப்போதும் போல அதே வீடுதான். அதுதான் பயமாக இருந்தது.

சத்தம் கேட்டுச் செல்லப்பாண்டி அண்ணன் என்னாச்சு என்று எங்கள் வாசலைப் பார்க்க வந்தார், வாயில் பீடி. ஒச்சம்மா குறுக்கே போய் அவரைத் தெருக்கோடிக்கே விரட்டிவிட்டாள். பீடியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் திரும்பி வந்தவர், மெயினை அணைக்கிறேன் என்று கிளம்பினார். மெயின் எங்கள் முன்னறைக்குள் இருக்கிறது என்றேன். அப்படியானால் யாரும் உள்ளே போக வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். லோகமணி தன் வீட்டு அடுப்பை அணைத்தாள், பக்கத்து வீடுகளிலும் சொன்னாள். அவள் போனிலிருந்து, தெருக்கோடியில் நின்று, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசினோம்.

ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். வந்ததும் உள்ளே பாயவில்லை. காற்று நன்றாகப் போகிற வரைக்கும் வாசலில் நின்றார். அப்புறம் போய் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, டியூபோடு கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கொல்லைக் காற்றில் வைத்து மாட்டிச் சோப்புத் தண்ணீரைத் தடவித் திறந்தார். ரெகுலேட்டரில் மாட்டுகிற முனையில், டியூப் வளைகிற இடத்தில் ஒரு வெடிப்பு. அங்கே நுரை பொங்கிப் பொங்கி வந்தது. மூக்குக்குத் தெரியாததைக் கண் பார்த்தது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார் என்று அத்தை சொன்னதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

டியூபில் அச்சடித்திருந்த தேதி எப்போதோ முடிந்துவிட்டது என்றார் மெக்கானிக். ‘இவ்வளவு வாடைக்கு உள்ள எப்படிம்மா இருந்தீங்க? தெரியவே இல்லையா?’ என்று கேட்டார். கூடியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜவுளிக்கடைக்குச் சாப்பாடு கொடுக்கிற அரசியை.

‘அக்காவுக்குச் சளி’ என்றாள் ஒச்சம்மா.

எல்லோரும் போன பிறகு அவளிடம் கேட்டேன், தினம் ஜன்னலோரம் எதற்கு நின்றாய் என்று. முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள். அத்தை அன்றைக்குத் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தியது அதற்காம். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை எங்கள் வீட்டுப் பக்கம் மோந்துவிட்டுப் போ, என் மருமகளுக்கு வாசம் தெரியவில்லை, யாரிடமும் சொல்லிவிடாதே, அவள் பிழைப்பு கெட்டுப்போகும் என்றாராம். முந்தின நாட்களில் வாடை இல்லையாம். இன்று சந்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டதாம்.

அவள் பூவை ஐஸ் பெட்டிப் பூ என்று சொன்னேன். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

செப்டம்பர் 21, சனி

புது டியூப் போட்டாயிற்று. நானே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். நுரை இல்லை. இருந்தும் அடுப்பு பற்ற வைக்கத் தைரியம் வரவில்லை. ஜவுளிக்கடைக்கு இன்று சாப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டேன். லோகமணி வீட்டுக் கஞ்சியைக் குடித்தேன். சுடுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பெரியகுளம் போய் வந்தேன். பஸ் முழுக்க, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. அத்தை கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரி காப்பி போட உள்ளே போனாள். நானும் எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். விரலெல்லாம் பூண்டு, அதுவும் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

‘அத்த, எனக்கு வாசமே தெரியல. காய்ச்சல்லருந்தே தெரியல’ என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். இந்த நோட்டில்கூட நான் சொன்னதில்லை.

‘தெரியும்’ என்றார்.

தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்று அந்த நிலைமையிலும் அவரிடம் சண்டைக்குத்தான் போனேன். என் புத்தி அப்படி.

‘சொன்னா ஒத்துக்கிருவியா? அரசி கைமணம், அரசி கைமணம்னு ஊரே சொல்லுது. அது இல்லன்னு என் வாயால எப்படித்தா சொல்ல? கேஸுன்னு மட்டும் சொன்னேன். அதையும் நீ கேக்கல.’

உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று லோகமணி சொன்னதை நம்பிவிட்டேனே அத்தை என்றேன். அதுவும் தெரியும், லோகமணிக்கு ரகசியம் பேசத் தெரியாது, தெருவுக்கே கேட்டது என்றார். பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, சாயங்காலப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பை ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. ஒச்சம்மா வெள்ளிக்கிழமையே போன் செய்துவிட்டாளாம்.

புதன்கிழமை மூக்கு டாக்டரிடம் போகிறோம். சிலருக்குத் திரும்பி வருமாம், சிலருக்கு நாளாகுமாம். மேனேஜரிடம் நானே உண்மையைச் சொல்லப் போகிறேன். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லட்டும். பயமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

மேனேஜரிடம் சொன்னேன். வீட்டில் ருசி பார்க்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அப்படியானால் அனுப்புங்கம்மா, பார்ப்போம் என்றார். பார்ப்போம்தான்.

ஒச்சம்மாவிடம் ரெண்டு முழம் மல்லி வாங்கினேன். எப்படி இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டேன். இந்த வருஷத்து மல்லி மாதிரி எந்த வருஷமும் இல்லை என்றார்.

காலையில் நடந்ததை எழுத விட்டுப் போயிற்று. பஸ்ஸில் வந்த களைப்பு, அத்தையை எழுப்ப வேண்டாம் என்றுதான் நான் முதலில் எழுந்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றேன். ரெகுலேட்டரைத் திறக்கக் கை போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அத்தை பின்னால் வந்து என்னை ஒதுக்கிவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியை மடக்கித் தரையோடு தரையாகக் குனிந்து, சிலிண்டர் பக்கம் முகத்தை வைத்து மெதுவாக மூச்சை இழுத்தார். ரெகுலேட்டரைத் திறந்தார். மறுபடி இழுத்தார். எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘ஒண்ணுமில்ல. பத்த வை’ என்றார்.

பற்ற வைத்தேன்.